பழைய கம்பெனியப் பத்தி இன்டர்வியூல என்ன சொல்றது? கேள்வி பதில்

14 வருஷமா சென்னையில கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் குடுக்குற வேலை பாக்குறேன். நீங்க அனுப்பின கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அக்கா, மேனேஜர் டார்ச்சர் தாங்காமதான் பேப்பர் போட்டேன். ஏன் விடுறீங்கன்னு கேட்டா உண்மைய சொல்லிடலாமா?

பதில்: தம்பி, எதிர்ல உக்காந்திருக்கறவருக்கு உங்க மேனேஜரத் தெரியாது, உங்களையே அப்பதான் பாக்குறாரு, அதனால யார் மேல தப்புன்னு அவரால சொல்லவே முடியாது, கடைசில "இவரு நம்ம டீம்லயும் ஒத்துப் போவாரா"ங்கற சந்தேகம் மட்டும்தான் மிஞ்சும். ஒரு பொண்ணு நல்லா கோட் எழுதுவா, டெக்னிக்கல் ரவுண்டெல்லாம் பிரமாதமா முடிச்சா, கடைசி ரவுண்டுல பழைய மேனேஜரப் பத்தி ஆரம்பிச்சு பத்து நிமிஷம் நிறுத்தவே இல்ல, அழுதுட்டா. அவ சொன்னது அத்தனையும் உண்மைன்னு நான் இன்னிக்கும் நம்புறேன். ஆனா வேலை கிடைக்கல. முன்னாடியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு இப்பவும் மனசு அடிச்சுக்குது.

அதனால ஆளப் பத்தி பேசாம வேலையப் பத்தி பேசுங்க. "ரெண்டு வருஷமா சப்போர்ட் டிக்கெட் மட்டும்தான் பாத்தேன், டெவலப்மென்ட் பக்கம் மாத்தச் சொல்லி கேட்டேன், அங்க இடமில்ல, இந்த வேலைல அது இருக்கு." உங்க விஷயத்துல எது உண்மையோ அத இப்படி ரெண்டு வரில சொல்லிட்டு நிறுத்திடுங்க. வீட்டுல வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்க, ஏன்னா கோவம் குரல்ல தெரிஞ்சுடும்.

கேள்வி: மூணு மாசத்துல விட்ட ஒரு வேலைய ரெஸ்யூமேல காட்டாம விட்டா தெரியுமா?

பதில்: தெரியும். பி.எஃப் பிடிச்சிருந்தா உங்க யு.ஏ.என் நம்பர்ல, அதாவது பி.எஃப்புக்குன்னு உங்களுக்குக் குடுத்த நம்பர்ல, சர்வீஸ் ஹிஸ்டரில அந்தக் கம்பெனி பேரு, சேந்த தேதியோட நிக்கும். சம்பளத்துல வருமான வரி (டி.டி.எஸ்) பிடிச்சிருந்தா வரித் துறையோட 26ஏஎஸ் அறிக்கைலயும் வரும். நீங்க சொன்னதெல்லாம் சரியான்னு புதுக் கம்பெனி பாக்குற பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டி ஆஃபர கேன்சல் பண்ணினத நிறைய பாத்துட்டேன். "சொன்ன வேலை வேற, குடுத்த வேலை வேற, அதான் சீக்கிரமே விட்டுட்டேன்"னு நேரா சொன்னா பெரும்பாலும் யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.

கேள்வி: ரெண்டு மாசம் சம்பளமே தரல, ரிலீவிங் லெட்டரும் தரல. சொன்னா குறை சொல்ற மாதிரி ஆகாதா மேடம்?

பதில்: ஆகாது சார். நடந்தத சொல்றீங்க, அவ்ளோதான். "சம்பளம் ரெண்டு மாசம் வரல, அதனால விட்டேன்", முதலாளி எப்படிப்பட்டவருங்கறது வேண்டாம். பேங்க் ஸ்டேட்மென்ட், ஆஃபர் லெட்டர், ராஜினாமா மெயில் மூணையும் கைல வெச்சுக்கோங்க. பி.எஃப்ல அவங்க வெளியேறின தேதி போடலைன்னா, கடைசியா பணம் கட்டின மாசத்துக்கு ரெண்டு மாசம் கழிச்சு ஆதார் ஓ.டி.பி வெச்சு நீங்களே போட்டுக்கலாம்.

கேள்வி: அக்கா, பாஸ் தப்பா நடந்துக்கிட்டாரு, அதனாலதான் வந்துட்டேன். இத எப்படி சொல்றது?

பதில்: சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்லம்மா. "அங்க தொடர முடியாத சூழ்நிலை, முறையா நோட்டீஸ் குடுத்துட்டு வந்தேன்" போதும், தோண்டித் தோண்டி கேட்டா "அது தனிப்பட்ட விஷயம், வேலையப் பத்தி கேளுங்க சார்"னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. இன்னொண்ணு, வேலைய விட்டுட்டதால புகார் குடுக்க முடியாதுன்னு நெனைக்காத. வேலை இடத்துல பெண்களுக்கு நடக்குற பாலியல் தொல்லைக்கான 2013 சட்டப்படி கடைசியா நடந்த நாள்லேருந்து மூணு மாசத்துக்குள்ள அந்தக் கம்பெனியோட உள் புகார் கமிட்டிக்கு எழுத்துல குடுக்கணும், தகுந்த காரணம் இருந்தா அவங்க இன்னும் மூணு மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். தேதிய எண்ணிப் பாரு, நாள் தள்ளாத.

கேள்வி: பழைய கம்பெனியோட க்ளையன்ட் யாரு, என்ன ரேட்டுன்னு கேக்குறாங்க?

பதில்: சொல்லாதீங்க. "அது அவங்க ரகசியம் சார், நான் பாத்த வேலைய சொல்றேன்"னு சொல்லிட்டு, எத்தனை அக்கவுண்ட் பாத்தீங்க, என்ன பண்ணீங்கன்னு ஆரம்பிங்க.