வயர்லெஸ், ஐஓடி (இணையத்தோடு இணைந்த கருவிகள்) பாதுகாப்பில் ஆய்வு: கேள்வி பதில்

கேள்வி: கணிதம் எனக்குச் சுமார்தான். இந்தத் துறையில் முனைவர் பட்டம் சரிப்படுமா சார்?

கணிதத்தைத் தேற்றிக்கொள்ளலாம். நெட்வொர்க்கில் போய்வருவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, உங்கள் சொந்த ரவுட்டரில் போன் இணையும்போது போய்வரும் நான்கு செய்திகளைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் அலுப்புத் தட்டினால் வேறு துறை தேடுங்கள். சொந்த ரவுட்டர் என்றேன், கவனிக்கவும்.

கேள்வி: வைஃபையில் ஆராய இனி என்ன மிச்சம்?

வைஃபையின் பாதுகாப்புத் தரநிலையான டபிள்யூபிஏ2-வில், போன் இணையும்போது நடக்கும் அந்த நான்கு செய்திப் பரிமாற்றம் பாதுகாப்பானது என்று கணித நிரூபணமே இருந்தது. 2017-ல் ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப் வெளியிட்ட க்ராக் தாக்குதல், மூன்றாவது செய்தியை மறுபடி அனுப்ப வைத்தது. அது வந்ததும் போன் அதே குறியாக்கச் சாவியை மீண்டும் பதிந்துகொண்டு பாக்கெட் (தரவுத் துண்டு) எண்ணைத் தொடக்கத்துக்கே கொண்டுபோய்விடும். ஒரே சாவி, ஒரே எண், இரண்டு வெவ்வேறு பாக்கெட்டுகள், குறியாக்கம் போச்சு. நிரூபணத்தில் தப்பில்லை. சாவியை எப்போது, எத்தனை முறை பதிவது என்பது அதற்குள் வரவே இல்லை, அவ்வளவுதான். 2018-ல் அடுத்த தரநிலை டபிள்யூபிஏ3 வந்தது. அடுத்த ஆண்டே அதற்கும் டிராகன்பிளட் என்ற தாக்குதல். 2021-ல் வெளியான ஃப்ராக்அட்டாக்ஸ் என்ற வைஃபை ஓட்டைகளில் சில 1997 முதல் தரநிலையிலேயே இருந்தவை. மிச்சம் இல்லையா?

கேள்வி: சீக்கிரம் முடிகிற தலைப்பு ஒன்று சொல்லுங்கள்.

அப்படி ஒன்று இல்லை.

கேள்வி: சென்சார்களில் பாதுகாப்பைச் சேர்க்க ஏன் இவ்வளவு தயக்கம்?

இடம் இல்லை. சென்சார்கள் பயன்படுத்தும் 802.15.4 வயர்லெஸ் தரநிலையில் ஒரு ஃபிரேம் (ஒரு தடவை அனுப்பும் துண்டு) மொத்தமே 127 பைட். அதன் ஹெடருக்கு (முகவரி போன்ற முன்தகவல்) 25 வரை, குறியாக்கத்துக்கு 21 வரை, இணைய நெறிமுறைகளான ஐபிவி6-ன் ஹெடருக்கு 40, யூடிபியின் ஹெடருக்கு 8. கழித்தால் தரவுக்கு 33. அதனால்தான் ஹெடரைச் சுருக்கும் 6லோபேன் என்ற முறை வந்தது.

கேள்வி: என்எஸ்எல்-கேடிடி என்ற பொதுத் தாக்குதல் தரவில் ஐஓடி ஊடுருவலை 99 சதவீதம் கண்டுபிடிக்கிறேன். கட்டுரையை எங்கே அனுப்பலாம்?

எங்கும் வேண்டாம். அதன் மூலத் தரவு 1998-ல் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கியது. ஐஓடி கருவிகளைத் தாக்கிய மிராய் வைரஸ் வந்ததே 2016-ல். அதில் ஐஓடி எங்கே இருக்கிறது?

அதே வாசகர்: ஒப்பிட ஒரு பொது அளவுகோல் வேண்டாமா?

வேண்டும்தான். ஆனால் 99 என்ற எண் மட்டும் போதாது. நாளுக்குப் பத்து லட்சம் பாக்கெட், அதில் ஒரு சதவீதம் பொய் எச்சரிக்கை என்றால் 10,000. யார் உட்கார்ந்து பார்ப்பது?

இன்னொருவர்: சிறிய கல்லூரி சார். சொந்தத் தரவுக்கு வசதி ஏது?

ஒரு கேமரா, ஒரு ஸ்மார்ட் பிளக், ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் கணினி) போதும். ராஸ்பெரி பையை ஹாட்ஸ்பாட் ஆக்கி, பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் நிரலை ஓடவிடுங்கள். முதல் வாரத் தரவு பயிற்சிக்கு, அடுத்த வாரத்தது சோதனைக்கு. கலக்காதீர்கள், கலந்தால் ஒரே தாக்குதலின் பாக்கெட்டுகள் இரண்டு பக்கமும் விழுந்து 99 சதவீதம் தானாக வரும். எண் குறையும், குறையட்டும். ஏன் குறைந்தது என்று எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

கேள்வி: சுலபமான தலைப்பு ஏதாவது?

மேலே பார்க்கவும்.

கேள்வி: வீட்டு வைஃபை ரொம்ப மெதுவாக இருக்கிறது.

இணைப்பு கொடுத்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு கேமராவில் ஓட்டை கண்டேன். கட்டுரையாக்கலாமா?

கேமரா உங்களுடையது என்றால் ஆக்கலாம். முதலில் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். 90 நாள் அவகாசம் கொடுப்பது பரவலான வழக்கம். பதிலே இல்லையென்றால் உங்கள் நாட்டு செர்ட் (கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும்) அமைப்பிடம் போங்கள். சிவிஇ எண் (ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) கிடைத்தால் பயோடேட்டாவில் போடுங்கள். அப்புறம், இணையத்தில் தென்படும் மற்றவர்களின் கேமராக்களில் அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். ஒன்றில்கூட.