கேம் கேள்வி - பதில்: ஃபேட்ஸ் ஏன் ஏமாற்றுகிறது?

நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸில் வந்த, படையைக் கட்டம் கட்டமாக நகர்த்திச் சண்டைபோடும் 'ஃபயர் எம்ப்ளம் அவேக்கனிங்' ஆட்டத்தையும், அதே கருவியில் அடுத்து வந்த 'ஃபயர் எம்ப்ளம் ஃபேட்ஸ்' ஆட்டத்தையும் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை. முக்கால்வாசியும் புலம்பல்தான். புலம்பலில் நியாயமும் இருக்கிறது.

கேள்வி: அவேக்கனிங்கை நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டு, அதே ஆசையில் ஃபேட்ஸில் 'பர்த்ரைட்' வாங்கினேன். பத்து சேப்டர் தாண்டியும் மனசு ஒட்டவில்லை. எந்த மேப்பிலும் (சண்டைக்களத்திலும்) 'எல்லா எதிரியையும் அடி' அல்லது 'தலைவனை அடி', இவ்வளவுதான். எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: இல்லை, நிறையப் பேருக்கு இதே குறைதான். காரணம் அந்த விளையாட்டு வெட்டப்பட்ட விதம். அவேக்கனிங் ஜப்பானில் 2012-லும் அமெரிக்காவில் 2013-லும் வந்தது. அது விற்காவிட்டால் தொடரையே மூடிவிடலாம் என்கிற நிலையில் வந்து, பிய்த்துக்கொண்டு ஓடிய ஆட்டம். அதனால் புதிதாக ஒரு பெரிய ரசிகர் கூட்டம் சேர்ந்தது. அவர்களையும் விடக்கூடாது, கஷ்டமான மேப் கேட்கும் பழைய கூட்டத்தையும் விடக்கூடாது என்று 2015-ல் ஃபேட்ஸை மூன்றாகப் பிரித்தார்கள். கதையில் மோதிக்கொள்ளும் இரண்டு நாடுகளில் ஹோஷிடோ பக்கம் நின்றால் பர்த்ரைட், நோர் பக்கம் நின்றால் 'கான்க்வெஸ்ட்', இரண்டு பக்கமும் சேராவிட்டால் 'ரெவலேஷன்'.

அவேக்கனிங் ரசிகருக்கு என்று ஒதுக்கியது பர்த்ரைட். 'ஸ்கவுட்' எனும் கூடுதல் சண்டைகளை வேண்டிய அளவு போட்டு லெவல் ஏற்றலாம். அப்படி ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கும் சமாளிக்கும்படி இருக்கவேண்டும் என்பதால் மேப்புகள் தட்டையாகிவிட்டன. மேப்புகளில் போட்ட மூளை முழுக்க கான்க்வெஸ்ட்டில் இருக்கிறது. ஓர் இலையில் சோறு, அடுத்த இலையில் குழம்பு, மூன்றாவதில் பாயசம் என்று போட்டு ஒவ்வோர் இலைக்கும் தனிக்காசு வாங்கினது மாதிரி. அன்றைய அமெரிக்க விலையில் முதல் பிரிவு 40 டாலர், அடுத்த இரண்டும் தலா 20. முழுக்கதைக்கு 80 ஆனது.

பர்த்ரைட்டில் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கடினத்தை 'ஹார்ட்' ஆக வைத்து, ஸ்கவுட் பக்கமே போகாமல் ஆடிப்பாருங்கள். அதே மேப் கொஞ்சம் உயிர் பெறும். ஆனால் கடினத்தை நடுவில் குறைக்கலாமே தவிர ஏற்ற முடியாது. அதனால் புது சேவில்தான் ஆரம்பிக்கவேண்டும்.

கேள்வி: மூன்றாவது கதையான ரெவலேஷனை இப்போது எப்படி வாங்குவது? பழைய கார்ட்ரிட்ஜ் விற்கும் ஒருவர், 'மூன்று கதையும் இதில் இருக்கிறது' என்கிறார்.

பதில்: ரெவலேஷன் தனிக் கார்ட்ரிட்ஜாக வந்ததே இல்லை, டவுன்லோடுதான். 3டிஎஸ்ஸின் இணையக் கடையான ஈ-ஷாப் 2023 மார்ச் 27-ல் விற்பனையை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், புதிதாக யாரும் வாங்க முடியாது. மிச்சம் இருக்கும் ஒரே வழி, மூன்றையும் ஒரே கார்ட்ரிட்ஜில் போட்டு அந்நாளில் குறைவாக வெளியிட்ட ஸ்பெஷல் எடிஷன். அதற்குப் பழைய மார்க்கெட்டில் சொல்வதுதான் விலை.

விற்பவர் சொல்வதில் ஒரு சூட்சுமம் இருக்கலாம். சாதாரண பர்த்ரைட் கார்ட்ரிட்ஜோடு மற்ற இரண்டையும் அவர் டவுன்லோடு செய்திருந்தால், அவை அவருடைய கருவியோடும் கணக்கோடும் கட்டுப்பட்டவை. கார்ட்ரிட்ஜைக் கழற்றி உங்கள் கருவியில் போட்டால் பர்த்ரைட் மட்டும்தான் வரும். ஸ்டிக்கரில் எந்தப் பெயர் என்று பாருங்கள். இன்னொன்று, 3டிஎஸ்ஸில் ரீஜன் லாக் உண்டு. அமெரிக்கக் கார்ட்ரிட்ஜ் ஐரோப்பிய அல்லது ஜப்பானியக் கருவியில் ஓடாது. ஆன்லைன் சேவையும் 2024 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. ஆட்டத்துக்குள் மற்ற ஆட்டக்காரர்களின் கோட்டைக்கு இணையம் வழியாகப் போய் வருவதெல்லாம் இனி இல்லை.

ரெவலேஷன் கிடைக்கவில்லை என்று ரொம்ப வருந்தவும் வேண்டாம். இரு தரப்பு ஆட்களும் ஒன்றுசேர்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பலர் தாமதமாக, கத்துக்குட்டி லெவலில் வந்து சேர்வார்கள். மேப்புகளோ பனியை விலக்கு, அது திறக்கும்வரை காத்திரு என்று பொறுமையைச் சோதிப்பவை.

கேள்வி: அவேக்கனிங்கில் இரண்டு பேரை ஜோடியாக்கி, அதாவது 'பேர்-அப்' செய்து, முன்னால் தள்ளிவிட்டால் மேப்பே முடிந்துவிடும். ஃபேட்ஸில் அப்படித் தள்ளினால் செத்துப்போகிறார்கள். பேர்-அப்பைக் கெடுத்துவிட்டார்களா?

பதில்: கெடுக்கவில்லை, சரிசெய்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஃபேட்ஸ் அவேக்கனிங்கைவிட உசத்தி என்று அடித்துச் சொல்லலாம்.

அவேக்கனிங்கில் பின்னால் நிற்பவர் அடிப்பாரா, தடுப்பாரா என்பது குலுக்கல் சீட்டு. நட்பு வளர வளர வாய்ப்பு கூடும். கடைசியில் ஒரே ஜோடி படையையே துவம்சம் செய்யும். எதிரிக்கு அந்த வசதி கிடையாது. ஃபேட்ஸில் அதை இரண்டாக உடைத்தார்கள், எதிரிக்கும் கொடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டத்தில் தனியாக நின்றால் அது அட்டாக் ஸ்டான்ஸ். நீங்கள் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவரும் ஓர் அடி போடுவார், பாதி டேமேஜ். குலுக்கல் கிடையாது, ஒவ்வொரு தடவையும் போடுவார் (குறி தப்பலாம், அது வேறு). ஒரே கட்டத்தில் ஜோடியாக நின்றால் கார்ட் ஸ்டான்ஸ். பின்னால் இருப்பவர் அடிக்கமாட்டார். ஆனால் எதிரியின் பக்கத்து ஆள் போடும் அந்தப் பாதி அடி இவர்கள்மேல் விழவே விழாது. முன்னால் நிற்பவரின் பலமும் கொஞ்சம் கூடும். அதோடு ஒரு கேடய மீட்டர் ஏறிக்கொண்டே வரும்.

அந்த மீட்டர்தான் முக்கியம். மொத்தம் 10 புள்ளி. முன்னால் இருப்பவர் அடித்தாலும், அடி வாங்கினாலும் தடவைக்கு 2 ஏறும். நிரம்பிவிட்டால் அடுத்து வரும் அடி, கிரிட்டிக்கல் எனும் பலத்த அடியாகவே இருந்தாலும், பூஜ்யம். உங்கள் படையில் எஃபி முன்னால், சைலஸ் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் டர்னில் (அவர்கள் ஆடும் முறையில்) ஒருவன் அடிக்கிறான், எஃபி திருப்பி அடிக்கிறாள்: 4. இன்னொருவன் அடிக்கிறான், அவனுக்கும் பதிலடி: 8. உங்கள் டர்னில் எஃபியே போய் ஓர் அடி போட்டால் 10. அந்த எதிரியின் பதிலடி அவள்மேல் படாது. ஆகவே சில்லறை எதிரிகளிடம் 8 வரை ஏற்றிவைத்துக்கொண்டு, பெரிய தலையை நீங்களே முதலில் அடியுங்கள். எண்ணிக்கை தெரிந்து ஆடுகிறவருக்கும் தெரியாமல் ஆடுகிறவருக்கும் இதில் ஒரு ஆள் உயிர் வித்தியாசம்.

நீங்கள் செய்யும் தவறு, கார்ட் ஸ்டான்ஸில் ஒரு ஜோடியை மட்டும் நடுவில் விடுவது. ஐந்து பேர் சூழ்ந்தால் மீட்டர் ஓர் அடியைத்தான் தடுக்கும், மற்றதெல்லாம் உடம்பில்தான். உங்கள் டர்னில் பிரித்து நிறுத்தி இரட்டை அடியில் கொல்லுங்கள். டர்ன் முடிவதற்குள், இன்னும் நகராதவர்களை வைத்து ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரிகள் இருவர் பக்கம் பக்கமாக நின்றால் அவர்களிடம் ஜோடியாகப் போங்கள். ஜோடியில் இருப்பவருக்குப் பக்கத்து ஆளின் உதவி அடி கிடைக்காது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: ஃபேட்ஸில் ஆயுதம் உடையாது என்றதும் சந்தோஷமாக எல்லாருக்கும் சில்வர், ஸ்டீல் ஆயுதங்கள் வாங்கிக் கொடுத்தேன். போகப் போக என் ஆட்கள் பலவீனமாகிறார்களே?

பதில்: உடைவதற்குப் பதிலாக ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு வியாதியைக் கொடுத்திருக்கிறார்கள். விவரக் குறிப்பைப் படிக்காமல் வாங்கினால் இப்படித்தான்.

சில்வர் வாளால் ஒருமுறை அடித்தால், சண்டை முடிந்ததும் அடித்தவரின் பலமும் திறமையும் 2 புள்ளி குறையும். டர்னுக்கு 1 வீதம்தான் திரும்ப வரும். எதிரியின் டர்னில் நான்கு பேர் வந்து மோதினால் நான்கு பதிலடி, ஒவ்வொன்றுக்கும் இறக்கம். சில்வர் என்பது தலைவனைச் சாய்க்கும் கடைசி அடிக்கு. அடித்தவுடன் இரும்புக்கு மாறிவிட வேண்டும்.

ஸ்டீலின் வியாதி வேறு. இரண்டாவது அடி போட உங்கள் வேகம் எதிரியைவிட 5 அதிகம் வேண்டும். ஸ்டீல் அந்தக் கணக்கில் 3-ஐக் கழித்துவிடும். உங்கள் வேகம் 15, அவனுடையது 10 என்றால் இரும்பு வாளில் இரண்டு அடி. ஸ்டீலில் உங்கள் வேகம் 12 ஆகிவிடும், ஒரே அடி. இரும்பில் அடிக்கு 12 டேமேஜ் என்றால் மொத்தம் 24. ஸ்டீலில் 15 விழுந்தாலும் 15-தான். எப்படியும் இரண்டாம் அடி போடமுடியாத மந்தமான ஆளுக்கு ஸ்டீல் சரி. எறியும் ஈட்டி, கைக்கோடாரி இரண்டிலும் இரண்டாம் அடியே கிடையாது.

மிச்சக் காசை இரும்பைப் பட்டைதீட்டுவதில் போடுங்கள். ஒரே ஆயுதம் இரண்டைச் சேர்த்தால் +1, இரண்டு +1-ஐச் சேர்த்தால் +2. கூடவே அதற்கான கல்லும் வேண்டும். +7 வரை போகலாம், ஆனால் அதற்கு 128 வாள் வாங்கவேண்டும். +2 போதும்.

கேள்வி: கான்க்வெஸ்ட்டில் பத்தாவது சேப்டரைத் தாண்டவே முடியவில்லை. பாதி நேரம் நன்றாகத்தான் போகிறது, திடீரென்று வெள்ளம்போல வந்துவிடுகிறார்கள்.

பதில்: வெள்ளம்போல இல்லை, வெள்ளம் வற்றியதால் வருகிறார்கள்! துறைமுகத்தை 11 டர்ன் காக்கவேண்டிய மேப் அது. பாதி தாண்டியதும் எதிரித் தலைவன் டக்குமி, நிலத்தையே மாற்றும் 'டிராகன் வெயின்' கட்டத்தைத் தட்டி ஊருக்குள் இருக்கும் தண்ணீரை வற்ற வைப்பான். அதுவரை வாய்க்கால்தான் உங்கள் மதில். அது போனதும் சுற்றிவரவேண்டியவன் குறுக்கே நடந்து வருவான்.

இங்கே தவறுவது பெரும்பாலும் முதல் மூன்று நான்கு டர்னில்தான். எதிரியைத் தேடிப்போய் முன்னேறிவிடுவார்கள். தண்ணீர் வற்றும்போது திரும்ப நேரம் இருக்காது. வீடுகளுக்குப் போய்ப் பொருள் வாங்குவதை ஆரம்ப டர்ன்களிலேயே, குதிரையில் இருப்பவர்களை வைத்து முடித்துவிடுங்கள். குறுகலான தெருவில் எஃபியை ஜோடியோடு அடைப்பாக நிறுத்துங்கள், பின்னால் காயம் ஆற்றும் எலிஸ், குச்சியோடு. பறக்கும் குதிரைக்காரிகள் தண்ணீரைப் பொருட்படுத்தமாட்டார்கள். அவர்களுக்கு நைல்ஸின் வில், ஓர் அடி போதும். கமில்லா உங்கள் படையில் வந்து சேர்ந்ததும் ஆட்டமே மாறிவிட்ட மாதிரி இருக்கும், அதே மயக்கத்தில் அவளை வில்லாளிகள் பக்கம் அனுப்பாதீர்கள். அவளும் பறப்பவள், நைல்ஸ் அவர்களுக்குச் செய்தது இவளுக்கும் நடக்கும். டக்குமி வைத்திருப்பதும் வில்தான்.

தண்ணீர் வற்றிய டர்னில் எல்லாரையும் பின்வாங்கி, காக்கவேண்டிய கட்டங்களின் மேலேயே நிறுத்துங்கள். உங்கள் ஆள் நிற்கும் கட்டத்தில் எதிரி கால்வைக்க முடியாது. டக்குமியை அடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எக்ஸ் பட்டனை அழுத்தினால் எதிரிகள் எட்டும் தூரம் முழுக்கச் சிவப்பாகத் தெரியும். டர்ன் முடிக்குமுன் ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

பத்து தடவை தோற்றால், கிளாசிக்கிலிருந்து (செத்தவர் திரும்பமாட்டார்) கேஷுவலுக்கு (அடுத்த மேப்பில் திரும்புவார்) மாறலாம். திரும்ப ஏற வழியில்லை, அதையும் தெரிந்தே செய்யுங்கள்.

கேள்வி: அவேக்கனிங்கில் குழந்தைகள் எதிர்காலத்திலிருந்து வந்தது கதைக்கே முதுகெலும்பு. இதில் நேற்று கல்யாணம், இன்று பதினெட்டு வயதுப் பிள்ளையா?

பதில்: குழந்தைகளைப் பத்திரமாக இருக்க வேறு உலகத்துக்கு அனுப்பினார்களாம், அங்கே காலம் வேகமாக ஓடுகிறதாம். போன ஆட்டத்தில் பிள்ளைகள் பிடித்துப்போனார்கள், அதனால் இதிலும் வேண்டும் என்று ஒட்டவைத்தது அப்பட்டமாகத் தெரிகிறது. கதையில் இதைவிட மோசமான ஓட்டையும் உண்டு: உண்மையை வெளியே சொன்னால் ஆளே மறைந்துவிடுவார் என்று ஒரு சாபம். ஆகவே ஒரே வரியில் தீரவேண்டிய சண்டைக்கு இருபத்தெட்டு சேப்டர்.

ஆட்டத்துக்கு வேண்டியது இது. பிள்ளைகளைச் சேர்க்கும் பக்கக்கதை மேப்புகளில் எதிரியின் லெவல், முக்கியக் கதை எவ்வளவு போயிருக்கிறதோ அதற்கேற்ப ஏறும். கான்க்வெஸ்ட்டில் ஸ்கவுட் சண்டையில் அனுபவப் புள்ளி சேர்க்க வழியில்லை என்பதால், எஸ் ரேங்க் (கல்யாணம்) வந்தவுடன் தள்ளிப்போடாமல் முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஜப்பானியக் குரலுக்கு எங்கே மாற்றுவது?

பதில்: முடியாது. அவேக்கனிங்கின் அமெரிக்கப் பதிப்பில் அந்த வசதி இருந்தது, ஃபேட்ஸில் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: அவேக்கனிங்கில் கிளாஸை (ஆளின் போர்வகையை) மாற்றும் செகண்ட் சீல் பொருளைப் போட்டு லெவல் 1-க்குத் திரும்பி, மறுபடி மறுபடி ஏற்றுவோம். ஃபேட்ஸில் அதற்கான ஹார்ட் சீல் போட்டால் லெவல் குறையவே இல்லை. பிழையா?

பதில்: பிழை இல்லை. ஃபேட்ஸில் கிளாஸ் மாறினாலும் லெவல் அப்படியே நிற்கும். மேல்நிலைக் கிளாஸுக்கு 20-தான் எல்லை. அதற்குமேல் எடர்னல் சீல் எனும் பொருள் ஒன்றுக்கு 5 லெவல் எல்லை கூடும். ஆகவே சீலை லெவலுக்காக இல்லாமல் ஸ்கில்லுக்காக (சிறப்புத் திறனுக்காக) போடுங்கள். ஆரம்பக் கிளாஸில் ஸ்கில் வருவது லெவல் 1, 10-ல்; மேல்நிலையில் 5, 15-ல். லெவல் 9-ல் மாறிவிட்டு 'ஸ்கில் வரவில்லை' என்று எழுதிக் கேட்காதீர்கள், இன்னும் ஒரு சண்டை பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும்.