நாணயங்களுக்குச் சுங்கத் தீர்வை இல்லையென்றால் கூரியர் நிறுவனம் ஏன் பணம் கேட்கிறது?

"பிரிட்டனிலிருந்து பழைய நாணயங்களை வாங்கினேன். அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்து 520 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆயிற்று. நாணயங்களுக்குச் சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை கிடையாது என்று நண்பர்கள் சொன்னார்கள். இப்போது கூரியர் நிறுவனம் 74 வெள்ளி 5 காசு கட்டச் சொல்கிறது. இது ஏமாற்று வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்று வேலை இல்லை. உங்கள் நண்பர்கள் சொன்னதும் பொய் இல்லை. சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை விதிக்கப்படுவது மதுபானம், புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகிய நான்கு வகைகளுக்கு மட்டுமே. ஆனால் தீர்வை வேறு, 'பொருள், சேவை வரி' (ஜிஎஸ்டி) வேறு. இறக்குமதியாகும் பொருளுக்குத் தீர்வை இல்லாவிட்டாலும், 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடாக இருக்கும் பொருள், சேவை வரி உண்டு. உங்கள் 520 வெள்ளிக்கு அது 46 வெள்ளி 80 காசு. மீதி 27 வெள்ளி 25 காசைப் பிரித்துப் பாருங்கள்: 25 வெள்ளி கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம், 2 வெள்ளி 25 காசு அந்தக் கட்டணத்தின் மேல் வரும் வரி. உங்களுக்காக வரியை முன்பணமாகச் செலுத்திவிட்டு, செலுத்திய சிரமத்துக்கென்று நிறுவனம் வாங்கும் கூலி அது. அரசாங்கத்துக்கும் அந்த 25 வெள்ளிக்கும் தொடர்பில்லை.

விமானம் வழியாகவோ அஞ்சலிலோ வரும் பொருள்களின் மொத்த மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டாவிட்டால் இறக்குமதியின்போது இந்த வரி வசூலிக்கப்படுவதில்லை. இங்கேதான் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். மதிப்பு என்பது நாணயத்தின் விலை மட்டுமன்று. விலை, காப்புறுதி, அனுப்பும் செலவு மூன்றையும் கூட்டி, சுங்கத்துறை வாரந்தோறும் வெளியிடும் மாற்று விகிதப்படி வெள்ளியாக்கிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை 400ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று நினைத்துவிடாதீர்கள். முழுத் தொகைக்கும் வரி.

நான் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வெளியிட்ட காசுகளைச் சேர்த்து வருகிறேன். 1620 முதல் 1845 வரை அந்தக் கடற்கரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. நம்முடைய 'காசு' என்ற சொல்லையே நாணயத்தின் பெயராக வைத்துக்கொண்டார்கள். (கீழைநாட்டுச் சில்லறையைக் குறிக்கும் ஆங்கில 'கேஷ்' என்ற சொல்லும் போர்ச்சுகீசியர் வாய்வழியாக நம்மிடமிருந்து போனதுதான்.) ஐரோப்பிய ஏலமொன்றில், ஏழாம் கிறிஸ்தியான் மன்னரின் பெயரெழுத்தை மகுடத்தின் கீழே தாங்கிய சில செப்புக் காசுகள் ஒரே தொகுதியாக வந்தன. 240 யூரோவுக்கு எனக்கு விழுந்தது. ஏறத்தாழ 348 வெள்ளிதானே, வரி வராது என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஏல விலைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்கும் 20 விழுக்காட்டுத் தரகு 48 யூரோ, காப்புறுதியுடன் அனுப்பும் செலவு 35 யூரோ, ஆக மொத்தம் 323 யூரோ. 1.45 என்ற விகிதத்தில் அது 468 வெள்ளி 35 காசு. அதற்கு வரி 42 வெள்ளி 15 காசு. அதன் மேல் உங்களிடம் கேட்ட அதே 27 வெள்ளி 25 காசு. அங் மோ கியோவில் என் அரசு அடுக்குமாடி (வீவக) வீட்டு வாசலில் பொட்டலத்தைக் கொடுத்த இளைஞரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய காசுகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தபோது, அவற்றுக்காகக் கொடுத்த 69 வெள்ளி 40 காசுதான் நினைவுக்கு வந்தது.

அன்றிரவு கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். 200 யூரோவில் கையை இறக்கியிருந்தால் தரகு 40, அனுப்பும் செலவு 35, மொத்தம் 275 யூரோ; அதாவது 398 வெள்ளி 75 காசு. வரியும் இல்லை, கையாளும் கட்டணமும் இல்லை. ஆக, கடைசி 40 யூரோவை ஏற்றிக் கேட்டதற்கு நான் கொடுத்த விலை 139 வெள்ளி. ஆகவே இப்போது ஏலம் தொடங்குவதற்கு முன்பே 400 வெள்ளியிலிருந்து அனுப்பும் செலவையும் தரகையும் எடுத்துவிட்டு, எஞ்சும் தொகையைத் தாளில் எழுதிக் கணினிக்கு அருகே வைத்துக்கொள்கிறேன். அதைத் தாண்ட வேண்டுமென்றால் கொஞ்சமாகத் தாண்டுவதில் பொருளில்லை. நாணயம் அவ்வளவு அருமையானதாக இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 ஜனவரி 1 முதல், 400 வெள்ளிக்கு மேற்போகாத பொருள்களுக்கும், இங்கே பதிவுசெய்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர்களும் பெரிய இணையச் சந்தைகளும் பணம் கட்டும்போதே பொருள், சேவை வரியை வசூலிக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். சுங்கத்திலோ பொட்டலம் முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பார்கள். ஒருமுறை இணையச் சந்தையொன்றில் 260 வெள்ளிக்கு ஒன்றும் 210 வெள்ளிக்கு ஒன்றுமாக இரண்டு நாணயங்களை வரியோடு வாங்கினேன். விற்றவர் இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினார். வரி கட்டிய விவரத்தையும் சந்தையின் பதிவு எண்ணையும் பற்றுச்சீட்டில் குறிப்பிடவில்லை. 470 வெள்ளிப் பொட்டலம் என்று கூரியர் நிறுவனம் மறுபடியும் வரி கேட்டது. கட்டிய பிறகு, இரண்டு ரசீதுகளையும் இணைத்துச் சந்தைக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து அவர்கள் வாங்கிய வரி திரும்பி வந்தது. கையாளும் கட்டணம் போனது போனதுதான். உங்கள் ரசீதிலும் ஏற்கெனவே வரி வாங்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியிருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே ரசீதைக் கூரியர் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

தங்க நாணயம் வாங்குபவர்களுக்குத் தனி விதி. முதலீட்டுக்கான விலையுயர்ந்த உலோகங்களுக்கு 2012 அக்டோபர் 1 முதல் பொருள், சேவை வரி விலக்கு உண்டு. தங்கமாக இருந்தால் தூய்மை 99.5 விழுக்காடாவது இருக்க வேண்டும், வெள்ளி உலோகத்துக்கு 99.9, பிளாட்டினத்துக்கு 99. கனடாவின் மேப்பிள் லீஃப் தங்க நாணயம் இந்த வகையில் வரும். நம் வீடுகளில் பாட்டிமார் போற்றிய பிரிட்டிஷ் சவரன் வராது, ஏனென்றால் அது 22 காரட். நீங்கள் வாங்கியவற்றில் சவரன் இருந்தால், தங்கம்தானே என்று வாதிட்டுப் பயனில்லை.

விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரைக் கேட்கும் யோசனையைச் சிலர் உங்களுக்கும் சொல்வார்கள். 'அன்பளிப்பு' என்று எழுதினாலும் தனிச் சலுகை ஏதுமில்லை. வரி ஏய்ப்பு என்று தெரியவந்தால், ஏய்த்த தொகையைப்போல் 20 மடங்கு வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 42 வெள்ளிக்காக யாராவது அந்த வம்பை விலைக்கு வாங்குவார்களா? தவிர, 50 வெள்ளி என்று எழுதிய பொட்டலம் வழியில் தொலைந்தால் காப்புறுதியும் அந்த 50 வெள்ளிக்குத்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வரியில் பேரம் பேச இடமில்லை. கட்டணத்துக்கு மட்டும் பிரித்தெழுதிய ரசீதைக் கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்திப் பணம் கட்டாமல், நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பொட்டல எண்ணை நீங்களே தட்டிப் பார்த்து அங்கே கட்டுங்கள், ஏனென்றால் இந்தப் பெயரில் மோசடிச் செய்திகளும் உலவுகின்றன. அடுத்த முறை விற்பவரிடம், கூரியருக்குப் பதிலாகக் காப்புறுதியுள்ள அஞ்சலில் அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்; எனக்கு அஞ்சலில் வந்த பொட்டலங்களுக்கு வரி அதேதான் என்றாலும், கையாளும் கட்டணம் குறைவாகவே இருந்திருக்கிறது.