குமரி மாவட்டத்தில் குடும்பப் பெயரின் வேர் எங்கே இருக்கிறது?

"கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் குடும்பப் பெயரின் வரலாற்றை எங்கிருந்து தேடத் தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய பிரமாணத்திலிருந்து, அதாவது நிலப் பத்திரத்திலிருந்து என்பேன். ராஜா காலத்துப் பெருமைக் கதைகளிலிருந்து தொடங்கவே தொடங்காதீர்கள்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் வீட்டுப்பெயர். வீட்டுப்பெயரோ பல நேரம் விளையின் பெயர். தாழ்ந்த இடம் ஏலா, மேடு விளை. விளையில் நின்ற மரம், முன்பு குடியிருந்தவர், திசை, எதுவும் பெயராகும். புதிதாக வீடு வைத்தால் புத்தன்வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தாலே பெயர் மாறிவிடும். அதனால் ஒரே வீட்டுப்பெயர் இரண்டு ஊரில் இருந்தால் உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் வீடு அயினிவிளை. ஏழு தலைமுறைப் பெயர் என்று பாட்டா (தாத்தா) சொல்வார். அவர் பெட்டியில் இருந்த பிரமாணம் மலையாளத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் (திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்) இருந்தவர்கள்தானே. மலையாளம் வாசிக்கத் தெரிந்த மாமா ஒருவர் ஒரு முழு மதியம் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார். தேதி கொல்லம் 1078 மகரம் (தை மாதம்). கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டு ஆவணியில் பிறக்கும். டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் 1903.

நிலத்தை வாங்கியவர் பாட்டாவின் அம்மா. பணம் அவருடைய சீதனம். கணவர் வீடு 'கிழக்கேவீடு' என்று எழுதியிருந்தது. அயினிவிளை அந்த நிலத்தின் பெயர் மட்டுமே! பிறகு சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தோம். பாட்டாவின் அண்ணன்மார் இருவரும் கிழக்கேவீடு. கடைசியாகப் பிறந்த பாட்டாதான் முதல் அயினிவிளைக்காரர். அப்பா வழிப் பெயர் என்று நாங்கள் சொல்லிவந்தது அந்த அம்மையின் சீதனத்தில் வந்த பெயர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சபைப் பதிவேடு எல்லோருக்கும் உதவும் என்றில்லை. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் குடும்பம் என்றால், வாரிசுரிமையை மாற்றிய 1926 சட்டத்துக்கு முந்தின பிரமாணங்களில் மகன் என்ற இடத்தில் 'அனந்தரவன்', அதாவது சகோதரியின் மகன், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாய்வழியில் தேட வேண்டும். கடற்கரையில் பெர்னாண்டோ போன்ற பெயர்கள் 16-ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுக்கீசியத் தொடர்பில் வந்தவை. ரத்த உறவைக் காட்டுபவை அல்ல. லண்டன் மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகள் சிலருக்கு, செலவுக்குப் பணம் அனுப்பிய இங்கிலாந்துக்காரர்களின் பெயரையே வைத்தார்கள். உங்கள் வீட்டில் காரணம் தெரியாத ஆங்கிலப் பெயர் இருந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

பிரமாணம் கிடைத்தால் நான்கெல்லையை விடாமல் வாசியுங்கள். பக்கத்து நிலம் பெரும்பாலும் சொந்தக்காரருடையதாக இருக்கும். எங்கள் பிரமாணத்தில் கிழக்கு எல்லை கிழக்கேவீட்டு நிலம். அந்த வீட்டில் இன்னும் பழைய ஓலை ஒன்று இருப்பதாகச் சித்தப்பா சொன்னார். ஓணம் லீவுக்கு ஊருக்குப் போகும்போது கேட்டுப் பார்க்க வேண்டும்.