மண்ணில் ஈயம், காட்மியம் என்ற இரண்டு விஷ உலோகங்களும் சேர்ந்தால் கீரைக்கு என்ன ஆகும் என்று பார்க்க, சோதனையை எப்படி அமைப்பது?

எம்.எஸ்சி. திட்டப்பணிக்குத்தான் கேட்கிறீர்கள், வழிகாட்டி “நாலு தொட்டி வைத்துப் பார்” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

காரைக்குடிச் செம்மண், தண்டுக்கீரை, 15 தொட்டிகள். ஐந்தில் ஒன்றும் கலக்கவில்லை, ஐந்தில் காட்மியம், ஐந்தில் காட்மியத்தோடு ஈயமும். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் எடுத்த எடுப்பில் கேட்டார்: “ஈயம் மட்டும் போட்ட தொட்டி எங்கே தம்பி?” இல்லை. செடி குட்டையானது ஈயத்தாலா, இரண்டும் சேர்ந்ததாலா என்று சொல்ல வழியே இல்லை. இன்னும் ஐந்து தொட்டி வைக்கச் சோம்பல்பட்டதற்கு ஆறு மாத உழைப்பு போனது.

இன்னொரு கூத்து, நான் கலந்த இரண்டுமே நைட்ரேட் உப்பு. சேர்த்துப் போட்ட தொட்டிகளுக்கு விஷத்தோடு நைட்ரேட்டில் இருக்கிற தழைச்சத்தும் கூடுதலாகப் போயிருக்கிறது! நைட்ரேட்டை எல்லாத் தொட்டியிலும் சமப்படுத்துங்கள். கலந்த மண்ணைச் சில வாரம் ஈரத்தோடு வைத்திருந்து, பிறகு விதையுங்கள்.

தண்ணீர் ஊற்றிய அக்கா கடைசி வாரம் சொன்னார்: “வாடுனதுக்கு மட்டும் ரெண்டு சொம்பு கூட ஊத்துனேன்பா, பாவமா இருந்துச்சு.” தொட்டியின் அடியில் ஓட்டை. எவ்வளவு காட்மியம் வடிந்ததோ! அவரைக் குறை சொல்லவில்லை, அளவு சொல்லாதது நான்தான். அடியில் தட்டு வைத்து, வடிந்ததை அதே தொட்டிக்கே ஊற்றுங்கள். தொட்டிகளுக்கு வெறும் எண் எழுதி, சீட்டுக் குலுக்கி இடம் கொடுங்கள்.

‘தொட்டிச் சோதனை வயலுக்குப் பொருந்தாது’ என்று வரப்போகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. வயலில் காட்மியத்தைக் கொட்டவா சொல்கிறீர்கள்?

    

உயரத்தை மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். இலைக்கறிகளில் காட்மியத்துக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். தளதளவென்று நிற்கிற செடிகூட அதைத் தாண்டியிருக்கலாம். அப்புறம், தொட்டிகள் இருக்கிற கூடத்துக்குப் பூட்டு போடுங்கள். தண்ணீர் ஊற்றிய அந்த அக்கா குழம்புக்கு ஒரு பிடி கீரை கேட்டார். நல்லவேளை, பறிப்பதற்கு முன்னால் கேட்டார்.