செட்டிநாட்டுப் பக்கம் ஆறு கலப்பின மாடுகளுக்கு இனி எந்த இனக் காளையின் ஊசி போடலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: காரைக்குடிப் பக்கம் ஆறு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறீர்கள், இதுவரை போட்டதெல்லாம் ஜெர்சிக் காளையின் விந்தைச் செலுத்தும் சினை ஊசி, இப்போது பாலும் ஏறவில்லை, கிடேரிகளும் சரியாகச் சினை நிற்கவில்லை. அதனால் காளை இனத்தை மாற்றலாமா, மாற்றினால் ஹெச்.எஃப். என்கிற ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் போடுவதா, நம் நாட்டு இனங்களான கிர், சாஹிவால் போடுவதா? நானும் பள்ளத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய இதே அளவில் மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன். நம் ஊர் வெயிலையும் தண்ணீரையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

மாற்றலாம். ஆனால் ஆறு மாட்டுக்கும் சேர்த்து ஒரே இனம் என்று முடிவு செய்யாதீர்கள். காளையைத் தொழுவத்தில் கட்டி வளர்ப்பவருக்குத்தான் அந்தக் கட்டாயம். நாம் ஊசி போடுகிறவர்கள், மாட்டுக்கு மாடு வேறு காளை பார்த்துப் போட முடியும். அந்த வசதியை நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். மாடு கத்துகிறது, போன் போடுகிறோம், நைட்ரஜன் கேனில் என்ன உறைவிந்துக் குச்சி இருக்கிறதோ அது போடப்படுகிறது. எந்தக் காளை என்று நாமும் கேட்பதில்லை.

இனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒவ்வொரு மாட்டிலும் சீமை ரத்தம், அதாவது ஜெர்சி போன்ற வெளிநாட்டு இனத்தின் பங்கு, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். நாட்டு மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டுப் பிறந்த கிடேரியில் பாதி ஜெர்சி. அந்தக் கிடேரிக்கு மறுபடி சுத்த ஜெர்சி போட்டால் பிறக்கும் கன்றில் முக்கால் பங்கு. அதற்கும் ஜெர்சி என்றால் எட்டில் ஏழு பங்கு. நீங்கள் தொடர்ந்து ஜெர்சியே போட்டு வந்ததால், தொழுவத்தில் பிறந்த கிடேரிகள் முக்காலைத் தாண்டியிருக்கும். நம் நாட்டில் கலப்பின மாடுகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் பலவும் சொல்வது, சீமை ரத்தம் 50 சதவீதத்திலிருந்து 62.5 சதவீதத்துக்குள் நிற்பதுதான் நமக்குத் தோது என்று. அதற்கு மேல் ஏற ஏறப் பால் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. வெயில் தாங்காமை, உண்ணிக் காய்ச்சல், சினை நிற்காமை எல்லாம்தான் ஏறுகின்றன. நாட்டு மாட்டையும் ஜெர்சியையும் முதன்முதலாகச் சேர்த்தபோது கிடைத்த அந்தத் துடிப்பும் தலைமுறை போகப் போகக் குறையும். உங்கள் தாய் மாடுகள் நன்றாகக் கறந்து, மகள்கள் சுணங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

தாய், தகப்பன் தெரியாமல் சந்தையில் வாங்கிய மாடு என்றால் கணக்குப் போட முடியாது. அப்போது மாட்டையே பாருங்கள். திமில் சுத்தமாக இல்லாமல் முதுகு நேர்கோடாக இருப்பது, கழுத்துத் தொங்குதசை ஒட்டிப்போனது, சித்திரை வெயிலில் மரத்தடியில் கட்டியும் வாயைத் திறந்து இரைப்பது, இதெல்லாம் சீமை ரத்தம் கூடிய மாட்டின் அடையாளம். சின்னத் திமில் தெரிந்து, மதிய வெயிலிலும் அசை போட்டுக்கொண்டிருந்தால் பாதிக்குப் பக்கமாக இருக்கும். துல்லியமான வழி இல்லை, ஆனால் வேலைக்கு ஆகும்.

இனி மாட்டுக்கு மாடு. பாதி ரத்த மாடு, நன்றாகக் கறக்கிறது, சினையும் ஒழுங்காக நிற்கிறது என்றால் அதற்கு ஜெர்சி கலப்பினக் காளையின் ஊசி போடுங்கள். காளையும் பாதி, மாடும் பாதி, கன்றும் சராசரியாகப் பாதியில் நிற்கும். சுத்த ஜெர்சிதான் உயர்ந்தது, கலப்பினக் காளை மட்டம் என்று நம் பக்கம் ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. ரத்த அளவை அப்படியே நிறுத்தி வைப்பதற்காகவே உருவாக்கப்பட்ட காளை அது.

முக்கால் ரத்த மாடு என்றால் இரண்டு வழி. மாடு தெம்பாக இருந்தால் அதே ஜெர்சி கலப்பினக் காளை போதும், கன்றில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது அந்த 62.5 சதவீதம் வரும். ஆனால் மாடு கோடைதோறும் வாடுகிறது, உண்ணி அப்புகிறது, இரண்டு மூன்று ஊசிக்குப் பிறகுதான் பிடிக்கிறது என்றால் சாஹிவால் போடுங்கள். கன்றில் சீமை ரத்தம் எட்டில் மூன்று பங்காக இறங்கிவிடும். அம்மா கறந்த அளவு மகள் கறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பருவத்துக்கு வருவதும் தாமதமாகலாம், சில மாடுகள் கன்றை விட்டால்தான் பால் இறக்கும். அதை ஏற்றுக்கொண்டால், பாலில் கொழுப்பு நன்றாக இருக்கும், வைக்கோலையும் கடலைக்கொடியையும் வைத்தே தாக்குப்பிடிக்கும். செஞ்சிந்தியும் இதே வேலைக்கு நல்ல இனம், ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் கறவைக்கென்று அதைத்தான் பெரிதும் நம்பினார்கள். குச்சி கிடைத்தால் தயங்காமல் போடலாம்.

ஹெச்.எஃப். பற்றித்தான் உங்களுக்கு ஆசை அதிகம் என்று தெரிகிறது. ‘அண்ணே, ஹெச்.எஃப். போடுங்க, கேன் கேனாக் கறக்கும்’ என்று என்னிடமும் சொல்லாதவர் இல்லை. கறக்கும்தான். ஆனால் பெரிய உடம்புக்கு அதற்கேற்ற தீனி வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு உலர்பொருளாகத் தீவனம் என்று வைத்தால், 400 கிலோ மாட்டுக்கு 12 கிலோ, 550 கிலோ மாட்டுக்கு 16 கிலோவுக்கு மேல். அதில் ஒரு பகுதியாவது பசுந்தீவனமாக வருடம் முழுக்க வர வேண்டும். வைகாசியில் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது, ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் விட்டு விட்டு வரும்போது, கோ 4 தீவனப் புல்லைக் காப்பாற்ற முடிகிறதா என்று உங்களுக்கே தெரியும். குடிக்கவும் கழுவவும் ஆகும் தண்ணீர் வேறு. சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃபும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துத்தான் காசு. ஹெச்.எஃப். பாலில் கொழுப்பு மூன்றரை சதவீதப் பக்கம் நிற்கும்போது ஜெர்சிப் பாலில் நாலரை, ஐந்து என்று நிற்கும். லிட்டர் கூடினாலும் லிட்டருக்கு வரும் விலை குறையும். தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் தண்ணீரில் புல் வளர்ப்பவர் ஹெச்.எஃப். கலப்பினம் வைத்திருப்பதைப் பார்த்து நாம் இங்கே செய்ய முடியாது. அப்புறம் இன்னொன்று: ஜெர்சி கலப்பினக் கிடேரிக்குத் தலையீத்துக்கு ஹெச்.எஃப். போடவே வேண்டாம். ஜெர்சிக் கன்று பிறக்கும்போது 25 கிலோ அளவில் இருக்கும், ஹெச்.எஃப். கன்று 40 கிலோ வரை போகும். சின்ன இடுப்பு உள்ள கிடேரி ஈன முடியாமல் தவிப்பதைப் பார்க்கவே முடியாது.

கிர் நல்ல இனம், குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் வெயிலுக்குப் பழகிய மாடு. அங்கேயே முதல் கன்று ஈன மூன்றரை, நான்கு வயது ஆவது வழக்கம். கலப்பில் அது கொஞ்சம் குறையலாம், ஆனாலும் அத்தனை நாள் ஒரு கிடேரிக்குத் தீனி போட நம்மால் முடியுமா என்று பாருங்கள். ஏ2 பால் (ஏ2 என்ற வகைப் புரதம் உள்ள பால்) என்று விற்கலாம் என்பதற்காகப் போடுவதாக இருந்தால் வேண்டாம். ஜெர்சி கலப்பின மாட்டுக்குப் பிறந்த கிர் கன்றின் பாலைச் சோதிக்காமல் அப்படிச் சொல்வது நியாயமில்லை, சொசைட்டியில் அதற்குத் தனி விலையும் இல்லை.

கடைசியில் புலிக்குளம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் மாவட்டத்தின் பெயரைச் சொல்லும் இனம், சிராவயல் மஞ்சுவிரட்டில் அந்தக் காளைகள் வருவதைப் பார்க்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அது உழவுக்கும் வண்டிக்கும் மஞ்சுவிரட்டுக்கும் உருவான மாடு, கறவைக்கு அல்ல. கறவைக் கலப்பினத்துக்கு அதைச் சேர்த்தால் கிடேரியில் பால் போய்விடும். காளைக்கன்று பிறந்தால் மஞ்சுவிரட்டுக்கு ஆகும் என்ற எண்ணமும் நிற்காது. நாட்டு இனக் காளைகளை மட்டுமே ஜல்லிக்கட்டில் அனுமதிக்க வேண்டும் என்று 2021 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. புலிக்குளம் வேண்டுமென்றால் சுத்தமான புலிக்குளப் பசு ஒன்றைத் தனியாக வைத்து அதே இனத்தில் சேருங்கள், இனமும் பிழைக்கும். மேய்ச்சலுக்கு விடும்போது கோயில் காளை பக்கத்தில் இருந்தால் பருவத்தில் இருக்கும் கிடேரியைக் கட்டிப் போடுவதும் நல்லது. கணக்கு குழம்புவதோடு, ஊர் மாடுகளோடெல்லாம் சேரும் காளை வழியாகக் கருச்சிதைவு நோய் பரவவும் வாய்ப்பு உண்டு.

இனத்தை முடிவு செய்த பிறகும் பாதி வேலைதான் முடிந்தது. ஒரே ஜெர்சி இனத்திலேயே காளைக்குக் காளை தாய் கறந்த பால் வேறு, மகள்கள் கறக்கும் பால் வேறு. காளையின் தாய் எவ்வளவு கறந்தது என்று கேளுங்கள். மகள்களின் பாலை அளந்து தேர்ந்தெடுத்த காளை கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. உறைவிந்துக் குச்சியின் மேலேயே இனம், காளை எண், உற்பத்தி செய்த நிலையம் எல்லாம் அச்சடித்திருக்கும். ஊசி போட்டதும் அந்தக் காலிக் குச்சியை வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டின் பெயர், தேதி, காளை எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இது இல்லாவிட்டால் அப்பன் காளையின் ஊசியே மகளுக்கும் விழும். அப்படிப் பிறக்கும் கன்று சவலையாகவும் சினை பிடிக்காததாகவும் போக வாய்ப்பு அதிகம். உங்கள் கிடேரிகளின் பிரச்சினையில் இதுவும் இருக்கக்கூடும்.

ஆனாலும் சினை நிற்காததற்குக் காளையை மட்டும் மாற்றிப் பயனில்லை. பூச்சி மருந்து, தினமும் தாது உப்புக் கலவை, பசுந்தீவனமாகக் கொஞ்சமாவது அகத்தியோ வேலிமசாலோ, இவை முதலில். கிடேரிக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். கலப்பினக் கிடேரி 220, 250 கிலோ வந்த பிறகு முதல் ஊசி போடலாம். காலையில் கத்தி, கண்ணாடி போல வழும்பு விட்டால் மாலையில் ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலையில். பெண் கன்று மட்டும் வேண்டும் என்றால் பாலினம் பிரித்த குச்சி இருக்கிறது, பத்துக்கு ஒன்பது கிடேரியாகப் பிறக்கும். அதில் உயிரணுக்களின் எண்ணிக்கை குறைவு என்பதால், ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் ஆரோக்கியமான கிடேரிக்கு மட்டும் அதைப் போடுங்கள். ஊசி திரும்பத் திரும்ப விழும் மாட்டுக்கு அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

எப்போது போடுவது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தையிலும் மாசியிலும் ஊசி பிடித்தால் ஒன்பது மாதம் பத்து நாள் கழித்து, ஐப்பசி, கார்த்திகையில் கன்று ஈனும். ஈன்ற ஆறு எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்கு வரும்போது நம் பக்கம் மழை பெய்து வரப்பெல்லாம் புல் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். பங்குனி தாண்டிவிட்டால் சினை பிடிப்பதே குறையும். அதனால் இந்தத் தையில் பருவத்துக்கு வரும் முக்கால் ரத்த மாடுகளிலிருந்து தொடங்குங்கள், சாஹிவால் குச்சி வேண்டும் என்று கால்நடை மருந்தகத்தில் மார்கழியிலேயே சொல்லி வையுங்கள். அடைமழையில் ஈனும் மாட்டுக்கு ஈரமில்லாத தரை வேண்டும், இல்லாவிட்டால் மடி நோய் வந்துவிடும். செம்புறாங்கல் சரளையைக் கொட்டி, தொழுவத் தரையைப் புரட்டாசிக்குள் மேடாக்கிக்கொள்ளுங்கள்.