நோட் ஐடி: ஐந்து கேள்விகள்

கேள்வி: பைத்தானின் கிராஃப் நூலகமான நெட்வொர்க்எக்ஸில், கோப்பிலிருந்து ஒரு கிராஃபை (நோட் எனும் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் எட்ஜ் எனும் கோடுகளும்) ஏற்றினேன். அச்சிட்டால் 12 என்ற நோட் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் 12-இலிருந்து வழி கேட்டால் அப்படி ஒரு நோட்டே இல்லை என்கிறதே?

பதில்: உள்ளே இருப்பது 12 என்ற எண் அல்ல, "12" என்ற ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். எட்ஜ் லிஸ்ட்டை (எந்த நோட் எதோடு இணைகிறது என்ற பட்டியலை) படிக்கும் ஃபங்ஷன், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஐடிகளை ஸ்ட்ரிங்காகத்தான் எடுத்துக்கொள்ளும். நோட் டைப் இன்ட் (முழு எண்) என்று படிக்கும்போதே சொல்லிவிடுங்கள். கிராஃப்எம்எல் என்ற கோப்பு வடிவில் சேமித்துத் திரும்பப் படித்தாலும் இதே கதைதான்.

தேடும்போது பிழையாவது வந்தது, நல்லது. எட்ஜ் சேர்க்கும்போது அதுவும் வராது. இல்லாத நோட்டுக்கு எட்ஜ் போட்டால் சத்தமில்லாமல் புது நோட்டை உண்டாக்கிவிடும். அதனால் எட்ஜ் சேர்க்கும் முன்பும் பின்பும் நோட் எண்ணிக்கையைப் பாருங்கள். காரணமில்லாமல் கூடியிருந்தால் அங்கேதான் கோளாறு.

கேள்வி: ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே ஐடியாக வைத்தேன். "கோவை" இரண்டு முறை வருகிறது. இடைவெளி எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

பதில்: இரண்டு கோவைக்கும் நீளம் கேட்டுப் பாருங்கள். ஒன்று 4 என்றும் இன்னொன்று 5 என்றும் வரும். கணினி எழுத்துகளுக்கான குறியீட்டு முறையான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகவும் எழுதலாம். முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, பைத்தானுக்கோ இரண்டும் வேறு வேறு. "கொல்லம்", "சௌரிபாளையம்" எல்லாவற்றிலும் இதே ஆபத்து உண்டு. பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவு) மாற்றி, அப்புறம் கிராஃபில் சேருங்கள்.

ஆனாலும் என் ஆலோசனை, பெயரை ஐடியாக வைக்கவே வேண்டாம். ஒருவர் கோவை என்பார், இன்னொருவர் கோயம்புத்தூர் என்பார். நார்மலைஸ் அதைச் சரிசெய்யாது. மதுரை ரயில் நிலையத்துக்கு எம்.டி.யு. என்று குறியீடு இருப்பதுபோல உங்கள் தரவில் ஏதாவது இருந்தால் அதை ஐடியாக்குங்கள். பெயர் ஒரு பண்பாக ஒட்டிக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: லிஸ்ட்டை நோட்டாக வைக்க முடியுமா?

பதில்: நெட்வொர்க்எக்ஸில் முடியாது, ஹாஷ் செய்ய (மாறாத ஓர் எண்ணைக் கணக்கிட) முடிகிற பொருள்தான் வேண்டும். மாற்ற முடியாத பட்டியலான டியூப்பிளாக மாற்றுங்கள், போதும். பைத்தானில் 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் நன் (None) மட்டும் கூடாது.

கேள்வி: ஐகிராஃப் என்ற இன்னொரு கிராஃப் நூலகத்தைப் பைத்தானில் பயன்படுத்துகிறேன், 10 நோட்கள். லூப் போட்டு 3, 5, 7 ஆகியவற்றை நீக்கினேன். தவறான நோட்கள் போய்விட்டன.

பதில்: ஐகிராஃபில் எண் என்பது வரிசையில் நிற்கும் இடம். அது எப்போதும் 0 முதல் இடைவெளியின்றி ஓடும். 3-ஐ நீக்கியதும் 4 இருந்தது 3 ஆகிவிடும், 5 இருந்தது 4 ஆகிவிடும். அடுத்து 5 என்றதும் போனது பழைய 6. அதன்பின் 7 என்றீர்கள், பழைய 9-உம் போய்விட்டது. மூன்றையும் ஒரே லிஸ்ட்டாகக் கொடுத்து ஒரே தடவையில் நீக்குங்கள்.

நீண்ட காலத் தீர்வு, ஒவ்வொரு நோட்டுக்கும் நேம் என்ற பண்பில் உங்கள் சொந்த ஐடியை எழுதி அதைக்கொண்டே தேடுவது. ஆர் மொழியிலுள்ள ஐகிராஃபில் எண்கள் 1-இலிருந்து தொடங்கும். இரண்டுக்கும் இடையே தரவை மாற்றுகிறவர்கள் எண்ணை அனுப்பாமல் நேமை அனுப்புங்கள்.

கேள்வி: நியோ4ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸ் தரும் உள் ஐடியை வலைப்பக்க முகவரியில் பயன்படுத்துகிறோம். பரவாயில்லையா?

பதில்: வேண்டாம். ஒரு நோட்டை நீக்கினால் அதன் எண் பிறகு வேறொரு நோட்டுக்குப் போகலாம். பழைய முகவரியைத் திறப்பவருக்குச் சம்பந்தமே இல்லாத பக்கம் வரும், பிழைச் செய்திகூட இருக்காது. 5-ஆம் பதிப்பில் வந்த எலிமெண்ட் ஐடிக்கும், ஒன்றாக நடக்கும் செயல்களின் தொகுப்பான ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் மட்டுமே உத்தரவாதம். இன்றைக்கே, அடுத்த நோட்டை நீக்கும் முன், ஒவ்வொரு நோட்டின் தற்போதைய எண்ணையும் உங்கள் சொந்தப் பண்பு ஒன்றில் எழுதி, அதற்கு யுனீக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராத கட்டுப்பாடு) போடுங்கள். இனிமேல் வரும் நோட்களுக்கு யுயுஐடி (மீண்டும் வராதபடி உருவாக்கும் நீண்ட அடையாளம்) கொடுங்கள். முகவரிகள் அந்தப் பண்பைப் பார்த்துத் தேடினால், ஏற்கெனவே கொடுத்த லிங்க்குகளும் உடையாது.